பஞ்சுக்கும் வேண்டும் முத்திரை மரக்கால்

(அம்பத்தூரில் ஆலைத் தொழிலாளரும் சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி, போனஸ், வீட்டுமனைப் பட்டா, ரேஷன் என்று பேசுவதற்கு அவசரப் பிரச்னைகள் எத்தனையோ இருக்கின்றன. இருந்தாலும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது பஞ்சின் தரத்தை அளக்கும் கருவிகளைப் பற்றி. "இது என்ஜினீயர்கள் பேசவேண்டிய சங்கதி அல்லவா? நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

நெல்லாகக் கூலி வாங்கிய காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிராசுதார் வீட்டில் இரண்டு மரக்கால் இருக்கும். குத்தகை நெல்லை அளந்து வாங்கப் பெரிய மரக்கால்; கூலி நெல்லை அளந்து போடச் சின்ன மரக்கால். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். நாள் முழுதும் சேற்றில் நின்றவனுடைய வயிற்றுச் சோறு அந்த வித்தியாசத்தில் பறிபோயிற்று. தஞ்சைத் தரணியில் 1940-களில் செங்கொடி இயக்கம் எழுந்தபோது, சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழியவேண்டும் என்ற முழக்கத்தோடு, முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்கவேண்டும் என்ற கோரிக்கையும் சேர்ந்தே எழுந்தது. அளவு யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் விலையும் கூலியும் இருக்கும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத அந்த மக்கள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

பருத்திக்கும் அப்படி ஒரு மரக்கால் இருக்கிறது, தோழர்களே. அது கம்ப்யூட்டரோடு இணைந்து, குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

கருவி எதை அளக்கிறது?

ஒரு பிடி பஞ்சைப் பார்த்தால் நமக்கு வெள்ளையாக, மெத்தென்று ஒன்று தெரிகிறது. ஆலைக்காரனுக்கு அதில் பல சங்கதிகள் தெரியவேண்டும். இழை எவ்வளவு நீளம்? எவ்வளவு மெல்லியது? முற்றியதா, பிஞ்சா? இழுத்தால் எவ்வளவு தாங்கும்? இலைத்தூளும் குப்பையும் எவ்வளவு? ஈரம் எத்தனை சதவீதம்? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து, அந்தப் பஞ்சு 40-ஆம் நம்பர் நூலுக்கா, 80-ஆம் நம்பர் நூலுக்கா என்று தீர்மானமாகிறது.

பழைய நாளில் இதையெல்லாம் கையும் கண்ணுமே சொல்லின. தரகர் ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு கைப் பெருவிரல்களுக்கும் ஆள்காட்டி விரல்களுக்கும் நடுவே வைத்து இழுத்து இழுத்துச் சீராக்கிப் பார்ப்பார். "இத்தனை நீளம்" என்பார். அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அதற்கு அப்பீல் கிடையாது.

பிறகு கருவிகள் வந்தன. அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்து விஞ்ஞானி ஹெர்டெல் 1940-இல் 'ஃபைப்ரோகிராஃப்' என்ற கருவியை வெளியிட்டார். சீப்பில் பிடித்த பஞ்சிழைகளின் குறுக்கே ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு ஒளி மறைக்கப்படுகிறது என்பதைக் கொண்டு இழை நீளத்தைக் கணக்கிடுவது அதன் முறை. இழையின் மென்மையை அளக்க 'மைக்ரோனேர்' வந்தது. எடை போட்ட பஞ்சை ஒரு குப்பியில் அடைத்துக் காற்றைச் செலுத்துவார்கள். மெல்லிய இழைகள் நெருக்கமாக நின்று காற்றை அதிகம் தடுக்கும். தடித்த இழைகள் வழிவிடும். காற்று எவ்வளவு போயிற்று என்பதே அளவு. எண் குறைந்தால் மெல்லிய இழை. மிகவும் குறைந்துவிட்டால் முற்றாத பிஞ்சு இழையாகவும் இருக்கலாம். இழைக் கற்றையைக் கவ்விப் பிடித்து அறும்வரை இழுத்து, அதன் பலத்தை அளக்கும் கருவிகளும் வந்தன.

இன்று இந்த அளவுகளை ஒரே வரிசையில் செய்யும் யந்திரம் வந்துவிட்டது. அதை ஆலைகளில் 'எச்.வி.ஐ.' என்கிறார்கள். மாதிரிப் பஞ்சை வைத்தால், ஓரிரு நிமிடத்தில் நீளம், மென்மை, பலம், நிறம், குப்பை எல்லாம் எண்களாக வந்து நிற்கும்.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். ஈரமும் வெப்பமும் மாறினால் பஞ்சின் பலம் மாறும். ஆகையால் சோதனை அறையின் காற்று ஈரத்தை 65 சதவீதத்தை ஒட்டியே வைத்திருக்கவேண்டும். வெப்பமும் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. மாதிரிப் பஞ்சு அந்த அறையில் பல மணி நேரம் இருந்து நிதானப்பட்ட பிறகே சோதனைக்குப் போகும். பஞ்சுக்குக் கிடைக்கும் இந்த ஓய்வும் குளிர்ச்சியும் அதை நூற்கும் பெண்ணுக்குக் கிடைக்குமா என்று நாங்கள் கேட்கவேண்டியதில்லை. ஸ்பின்னிங்கில் நின்ற தோழர்களுக்கே தெரியும்.

யார் பணத்தில் பிறந்தது?

நம் நாட்டில் இந்தக் கலை யார் செலவில் வளர்ந்தது என்று பார்ப்போம்.

வெள்ளையர் ஆட்சி 1921-இல் இந்திய மத்தியப் பருத்திக் கமிட்டியை அமைத்தது. 1923-இல் பருத்தி மீது தீர்வை விதிக்கும் சட்டம் வந்தது. அந்தத் தீர்வைப் பணத்தைக் கொண்டு 1924-இல் பம்பாய் மாதுங்காவில் பருத்தி ஆராய்ச்சிக்கூடம் அமைந்தது. தீர்வையை வசூலித்தது ஆலையிலும் துறைமுகத்திலும். ஆனால் வியாபாரி தன் மடியிலிருந்தா கொடுப்பான்? பருத்தி விலையில் அதைக் கழித்துக்கொள்ள அவனுக்கு வழி இருந்தது. கரிசலிலும் செம்மண்ணிலும் பருத்தி போட்டவன் தலையில்தான் கடைசிச் சுமை இறங்கியது. அந்த ஆராய்ச்சிக்கூடம்தான் இன்று மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் மத்திய சர்க்காரின் கீழ் நடக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1947-இல் ஆமதாபாத்தில் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் தோன்றியது. 1954-இல் பம்பாயில் ஒன்று. இதோ பக்கத்தில், இதே ஆவடியில், 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி 'சோஷலிச பாணி சமுதாயம்' அமைப்பதாகத் தீர்மானம் போட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1956-இல், கோயம்புத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் – 'சிட்ரா' – அமைந்தது. ஆலை முதலாளிகளின் சந்தாவும் சர்க்கார் மானியமும் சேர்ந்து நடத்தும் ஸ்தாபனம் அது. சர்க்கார் மானியம் என்றால் என்ன? தீப்பெட்டி வாங்கியவனும் துணி வாங்கியவனும் கொடுத்த வரி.

இந்த ஆராய்ச்சிக்கூடங்கள் நல்ல வேலைகள் பலவற்றைச் செய்திருக்கின்றன. அங்கே உழைத்த விஞ்ஞானிகளையும் லாபரட்டரித் தொழிலாளர்களையும் நாங்கள் மதிக்கிறோம். கோயம்புத்தூரில் பிரீமியர், ஸ்டேடெக்ஸ் போன்ற கம்பெனிகள் பஞ்சு, நூல் சோதனைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்து விற்கும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது. ஸ்விட்சர்லாந்தின் 'ஊஸ்டர்' கம்பெனி இந்தத் துறையில் உலகம் பூராவும் கொடிகட்டிப் பறக்கிறது. அந்தக் கம்பெனியையே 2012-இல் ஜப்பானின் டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் வாங்கிவிட்டது. இப்படிப்பட்ட ராட்சஸக் கம்பெனிகளுக்கு எதிரே நம் ஊர்த் தொழிலாளியின் கைத்திறனில் கருவிகள் பிறந்தது பெருமைக்குரிய விஷயமே.

எந்தச் சந்தைக்கு வருகிறது?

ஒரு புதிய கருவி சந்தைக்கு வருவது எப்படி? முதலில் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு மாதிரி செய்வார்கள். பிறகு ஒரு கம்பெனிக்கு அதைச் செய்யும் உரிமை தரப்படும், அல்லது கம்பெனியே சொந்தமாக வடிவமைக்கும். சில ஆலைகளில் வைத்துப் பரீட்சை பார்ப்பார்கள். அளவு தெரிந்த பஞ்சை வைத்துக் கருவியை நேர்பார்ப்பார்கள். அதற்குப் பிறகு விலை, சர்வீஸ் ஒப்பந்தம், உதிரிப் பாகம் என்று வியாபாரம் தொடங்கும்.

இந்த வரிசையில் ஒரு கேள்வி முதலிலிருந்தே நிற்கிறது: "யார் வாங்குவார்கள்?" ஆலை முதலாளி வாங்குவான். ஏன்? நூலின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பஞ்சு விலைதான். பல ஊர்ப் பேல்களின் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, நல்லதோடு மட்டமானதைக் கணக்காகக் கலந்து, நூலின் தரம் கெடாமல் செலவைக் குறைக்க அவனுக்குக் கருவி உதவுகிறது. கேண்டி ஒன்றுக்கு, அதாவது 356 கிலோவுக்கு, 2022 மே மாதத்தில் பஞ்சு விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிற்று. அப்படிப்பட்ட விலையில் கலவையில் ஒரு சதவீதம் மிச்சம் பிடித்தாலும் கருவிக்குப் போட்ட முதல் திரும்பிவிடும்.

சிறு விவசாயி வாங்குவானா? வாங்க முடியாது. இரண்டு ஏக்கர் பருத்திக்காரன் பல லட்ச ரூபாய் யந்திரத்தை வைத்து என்ன செய்வான்? ஆகவே அவனுக்கான கருவிக்கு "மார்க்கெட் இல்லை" என்று கம்பெனிக் கணக்கு முடித்துவிடுகிறது. முதலாளித்துவச் சந்தைக்குப் பணம் உள்ளவனுடைய தேவை மட்டுமே காதில் விழும். கருவி ஆலை வாசலுக்கு வந்துவிட்டது. பருத்தி விற்கும் சந்தைக்கு வரவில்லை. இதுதான் இன்று நாம் பேசும் விஷயத்தின் சாரம்.

பருத்தி போட்டவன் கணக்கு

டெல்டா மாவட்டங்களில் நெல் அறுவடைக்குப் பிறகு கோடையில் பருத்தி போடுகிறார்கள். விருதுநகர், பெரம்பலூர், சேலம் பக்கம் மானாவாரியாகவும் இறவையாகவும் போடுகிறார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வருகிறார்கள். வியாபாரிகள் மூட்டையில் கைவிட்டுப் பார்க்கிறார்கள். சீட்டில் விலை எழுதிப் போடுகிறார்கள். மறைமுக ஏலம் என்பது இதுதான். "ஈரம்", "கறை", "நீளம் பத்தாது" என்று சொல்கிறார்கள். எத்தனை சதவீதம் ஈரம்? எத்தனை மில்லிமீட்டர் நீளம்? பதில் கிடையாது.

சர்க்கார் அறிவிக்கும் ஆதரவு விலையோ எண்களின் மேல்தான் நிற்கிறது! 2025–26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டால் 7,710 ரூபாய். நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். நடுத்தர இழை என்றால் 24.5 முதல் 25.5 மில்லிமீட்டர், மைக்ரோனேர் 4.3 முதல் 5.1. நீண்ட இழை என்றால் 29.5 முதல் 30.5 மில்லிமீட்டர், மைக்ரோனேர் 3.5 முதல் 4.3. இந்திய பருத்திக் கழகம் வாங்கும்போது ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் போனால் விலையில் கழிவு. 12-ஐத் தாண்டினால் மூட்டை திரும்ப வேண்டியதுதான். ஆக, சட்டம் மில்லிமீட்டரில் பேசுகிறது. சந்தையில் வியாபாரி உள்ளங்கையால் பேசுகிறான். இடையில் நிற்கும் விவசாயி எதை வைத்து வாதாடுவான்?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு குவிண்டால் பருத்தியை அரைத்தால் ஒருவனுடைய பருத்தியில் 33 கிலோ பஞ்சு விழுகிறது. இன்னொருவனுடையதில் 36 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பஞ்சு கிலோ 150 ரூபாய் என்று போட்டால், 3 கிலோவுக்கு 450 ரூபாய். சந்தையில் அரைத்துப் பார்க்காததால் இரண்டு பேருக்கும் ஒரே விலை. அந்த 450 ரூபாய் எங்கே போயிற்று? வாங்கியவன் பைக்குள் போயிற்று.

இதற்குக் கருவியே இல்லையா? இருக்கிறது! மாதுங்கா ஆராய்ச்சி நிலையமே 'லில்லிபுட் ஜின்' என்ற சிறிய அரவைக் கருவியை உருவாக்கியிருக்கிறது. கொஞ்சம் பருத்தியை மாதிரிக்கு எடுத்து அங்கேயே அரைத்து, எத்தனை பங்கு பஞ்சு, எத்தனை பங்கு விதை என்று பார்த்துவிடலாம். அரைத்த பஞ்சின் நீளத்தையும் மைக்ரோனேரையும் பக்கத்திலேயே அளக்கலாம். நம் மாகாணத்தில் 1933-லேயே வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936-இல் திருப்பூரில் பருத்திக்காகவே அமைந்தது. சரியான தராசும் நேர்மையான விலையும் தருவதே அதன் நோக்கம் என்றார்கள். 2016-இல் மின்னணு தேசிய வேளாண் சந்தையைத் தொடங்கியபோதும், தரச் சோதனை செய்து எண்ணைப் பார்த்து விலை போடுவோம் என்றார்கள். சட்டமும் இருக்கிறது, கட்டடமும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. மூன்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர எந்த முதலாளிக்கும் அவசரம் இல்லை.

பருத்தி எடுக்கும் பெண்களுக்கும் இதில் நேர்ப் பங்கு உண்டு. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சருகும் காய்த் தோடும் ஒட்டாமல் வெடித்த பருத்தியை மட்டும் சுத்தமாக எடுத்தால் பஞ்சு உயர்ந்த விலைக்குப் போகும். ஆனால் நேரம் பிடிக்கும், எடை குறையும். சுத்தமாக எடுத்தவளுக்குக் கூலி குறைவு! அவள் விரல்களின் கவனத்தால் குப்பை சதவீதம் இறங்குகிறது என்பதைக் கருவி காட்டினால், சுத்தமான எடுப்புக்குக் கூடுதல் கூலி கேட்க அவளுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். அந்த ஆதாரம் இல்லாத வரை அவள் உழைப்பு வெறும் எடைக்கல்லுக்கு அடங்கிப்போகிறது.

ஆலைக்குள்ளே

இனி ஆலைத் தோழர்களின் கதைக்கு வருவோம். பஞ்சு மட்டம் என்றால் இழை அறுகிறது. குட்டை இழை அதிகமானாலும், பிஞ்சு இழை கலந்தாலும், ஒட்டும் பஞ்சு வந்தாலும் ஸ்பின்னிங்கில் அறுப்பு கூடும். அறுப்பு கூடினால் சைடர் பெண் கூடுதலாக ஓடவேண்டும். அதிகத் தடவை குனிந்து இழை பிணைக்கவேண்டும். ஒரு பெண்ணுக்கு எத்தனை கதிர் என்ற வேலைப்பளு, 100 கதிர் மணிக்கு எத்தனை அறுப்பு என்ற கணக்கை வைத்தே பேசப்படுகிறது. அறுப்பு எத்தனை என்பது பஞ்சின் எண்களைப் பொறுத்தது. இந்த எண்கள் எங்கே இருக்கின்றன? தரக் கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டரில், பூட்டிய கதவுக்குப் பின்னால்!

உற்பத்தி குறைந்தால் மெமோ யாருக்கு? ஓடியவளுக்கு. "உன் பக்கத்து மிஷினில் சரியாக ஓடுகிறதே?" என்று கேட்பார்கள். பக்கத்து மிஷினுக்கு வேறு கலவை போயிருக்கும். போன வாரம் வரை நல்ல பஞ்சு, இந்த வாரம் மட்டப் பஞ்சு என்பதைக் காட்டும் காகிதத்தை அவள் கண்ணில் காட்டமாட்டார்கள். மேற்கு மாவட்ட ஆலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற அழகான பெயரில் விடுதிகளில் அடைத்து வேலை வாங்கப்பட்ட இளம்பெண்களும், இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நிற்கும் தொழிலாளர்களும் எதிர்த்துக் கேட்கவும் முடியாமல் இந்தப் பழியைச் சுமக்கிறார்கள். மட்டப் பஞ்சு வாங்கிய லாபம் முதலாளிக்கு. அதன் பாரம் தொழிலாளியின் காலுக்கு!

இன்னொரு கருவியைப் பற்றியும் சொல்லவேண்டும். பஞ்சில் குப்பை எவ்வளவு என்று கிராம் கணக்கில் அளந்து பார்க்கிறார்களே, அந்தக் குப்பையும் தூசியும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் காற்றில் பறந்து எங்கே போகிறது? தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகிறது. வார விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் நெஞ்சு இறுகி மூச்சு முட்டுவதுதான் அந்த நோயின் தொடக்க அடையாளம். டாக்டர்கள் அதைப் 'பைசினோசிஸ்' என்கிறார்கள். நூற்புப் பகுதியில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி கூடாது என்று அமெரிக்காவில் 1978-இல் விதி வந்தது. தொழிலாளர்கள் பல ஆண்டு போராடிப் பெற்ற விதி அது. காற்றின் தூசியை அளக்கவும் கருவி உண்டு. ஆனால் பஞ்சின் குப்பையை அளக்கும் கருவியைத் தேடி வாங்கும் ஆலை, காற்றின் தூசியை அளக்கும் கருவியைத் தேடுவதில்லை. முன்னதில் லாபம் தெரிகிறது. பின்னதில் தன் குற்றம் தெரியும்!

பிற நாடுகளில்

"ஒவ்வொரு விவசாயியின் பஞ்சையும் சோதிப்பதா? நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. எச்.வி.ஐ. யந்திரம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் உருவானபோது, அதற்கு உந்துதல் கொடுத்தவர்களில் அந்த ஊர்ப் பருத்தி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமும் ஒன்று. தங்கள் பஞ்சைத் தரகர்களின் கை குறைத்து மதிப்பிடுகிறது என்று அவர்கள் கருதினார்கள். 1991 முதல் அந்த நாட்டின் பஞ்சு சர்க்கார் சோதனைக்கூடங்களில் இந்தக் கருவியால் சோதிக்கப்படுகிறது. பேல் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சீனத்திலும் 2000-களில் தொடங்கிய சீர்திருத்தத்தில் பேல் பேலாகச் சோதிக்கும் முறை வந்தது.

அமெரிக்காவின் பெரும் பண்ணை முதலாளிகளுக்குச் சர்க்கார் அள்ளிக்கொடுக்கும் மானியத்தை நாங்கள் போற்றவில்லை. நம் நாட்டுச் சிறு விவசாயி அந்த அளவு மானியம் இல்லாமல் அவர்களோடு போட்டி போடவேண்டியிருக்கிறது. போதாததற்கு, 2021-இல் பஞ்சு இறக்குமதிக்குப் போட்ட 11 சதவீத வரியை 2025 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் முடிய மத்திய சர்க்கார் நீக்கிவைத்தது. எண்ணோடு வரும் வெளிநாட்டுப் பேலுக்கு எதிரே, எண் இல்லாமல் நிற்கிறது நம் விவசாயியின் மூட்டை. இங்கே கற்கவேண்டிய பாடம் ஒன்றுதான்: கருவியைச் சர்க்கார் கையில் எடுத்துக்கொண்டால், விற்பவனும் வாங்குபவனும் ஒரே எண்ணைப் பார்க்கமுடியும்.

அம்பத்தூருக்கு என்ன வேலை?

இங்கே கூடியிருக்கும் பலருடைய தகப்பனும் பாட்டனும் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையில் வேலை பார்த்தவர்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த ஆலைத் தொழிலாளர்களின் வேதனையிலிருந்துதான். அந்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நம் பிள்ளைகள் ஆயத்த ஆடைத் தையலிலும், லேத்திலும், மில்லிங்கிலும், எலெக்ட்ரானிக்ஸ் பட்டறைகளிலும் நிற்கிறார்கள். பூந்தமல்லிப் பக்கம் வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. நாற்று நட்ட கைகள் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகின்றன.

பஞ்சுச் சோதனைக் கருவியில் இருப்பது என்ன? நுணுக்கமாகக் கடைந்த உலோகப் பாகங்கள், காற்றழுத்தக் குழாய், ஒளி உணரும் சாதனம், மின்னணுத் தகடு. இவற்றைச் செய்யும் கைத்திறன் இந்தத் தொழிற்பேட்டையின் தெருக்களில் நிறைந்திருக்கிறது. ஆர்டர் இல்லாமல் மிஷின்கள் நிற்கும் சிறு பட்டறைகள் எத்தனை! ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு ஈரமானி, மாதிரி ஜின், நீளமும் மைக்ரோனேரும் அளக்கும் சிறு கருவி ஆகியவை வேண்டுமென்று சர்க்கார் ஆர்டர் கொடுத்தால், விவசாயிக்கு நியாய விலையும் பட்டறைத் தொழிலாளிக்கு வேலையும் ஒரே நேரத்தில் கிடைக்கும். தனி விவசாயி வாங்கமுடியாத கருவியைச் சமுதாயம் வாங்கமுடியும். "மார்க்கெட் இல்லை" என்ற வாதம் அங்கே உடைந்துபோகும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கருவி வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாரும் நினைக்கவேண்டாம். கருவியும் பொய் சொல்லும். நேர்பார்க்காத ஈரமானி ஒன்றிரண்டு சதவீதம் கூட்டிக் காட்டினால் விவசாயிக்கு அது புதிய சின்ன மரக்கால்தான். உலக அளவில் பஞ்சுச் சோதனைக்கூடங்களுக்கு ஒரே மாதிரிப் பஞ்சை அனுப்பி, எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்களா என்று பரீட்சிக்கிறார்கள். நம் சந்தைகளுக்கும் அந்தப் பரீட்சை வேண்டும். நம் மாநிலத்தில் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போடும் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. தராசில் முத்திரை தெரிவதைப்போல, பருத்திச் சந்தைக் கருவியிலும் நேர்பார்த்த தேதியும் முத்திரையும் எல்லோர் கண்ணிலும் படவேண்டும்.

நம் கோரிக்கைகள்

ஆகவே, தோழர்களே, நாம் கேட்பது இவை:

பருத்தி வரும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் எல்லாவற்றிலும் சர்க்கார் செலவில் சோதனை அறை வேண்டும். ஈரம், பஞ்சு விழுக்காடு, நீளம், மைக்ரோனேர், குப்பை ஆகிய எண்களைத் தமிழில் அச்சிட்ட சீட்டாக, ஏலத்துக்கு முன்பே விவசாயி கையில் தரவேண்டும்.

பொதுப் பணத்தில் உருவான கருவி வடிவங்களைச் சிறு பட்டறைகளும் தொழிலாளர் கூட்டுறவுகளும் செய்ய உரிமை தரவேண்டும், ஆர்டரும் தரவேண்டும்.

சுத்தமாக எடுத்த பருத்திக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில், எடுத்த பெண்ணுக்கும் கூடுதல் கூலி வேண்டும்.

ஆலையில் வாரந்தோறும் கலவைப் பஞ்சின் சோதனை எண்களைத் தொழிற்சங்கத்துக்குக் காட்டவேண்டும். அதைப் பார்க்காமல் வேலைப்பளுவைக் கூட்டுவதும் மெமோ கொடுப்பதும் கூடாது.

புளோ ரூமிலும் கார்டிங்கிலும் காற்றின் தூசியை அளந்து, அளவை வாசல் பலகையில் எழுதவேண்டும்.

இந்தக் கோரிக்கைகளில் ஆலைத் தொழிலாளிக்கும் பருத்தி விவசாயிக்கும் சண்டை இல்லை என்பதைக் கவனியுங்கள். "பஞ்சு விலை கூடினால் ஆலை மூடும், உன் வேலை போகும்" என்று தொழிலாளியிடம் சொல்கிறார்கள். "கூலி கூடினால் பருத்தி விலை இறங்கும்" என்று விவசாயியிடம் சொல்கிறார்கள். இருவரையும் மோதவிட்டு நடுவில் கருவியைப் பூட்டிவைத்திருப்பவன் ஒருவனே. ஒரே சீட்டில் உள்ள ஒரே எண், சந்தையில் விவசாயிக்கு விலையாகவும் ஆலையில் தொழிலாளிக்கு நியாயமான வேலைப்பளுவாகவும் மாறமுடியும்.

யந்திரத்தை உடைப்பவர்கள் அல்ல நாம். யந்திரத்தைச் செய்த கைகள் நம்முடையவை. அதற்குக் கொடுத்த பணமும் நம்முடையது. அது காட்டும் எண்ணைப் பார்க்கும் உரிமையைத்தான் கேட்கிறோம். தஞ்சை வயல்களில் நம் முன்னோர் மரக்காலுக்கு முத்திரை கேட்டார்கள். நாம் பஞ்சுக்குக் கேட்போம். அந்தச் சீட்டைக் கேட்டு, அடுத்த பருத்திப் பருவத்துக்கு முன் ஒவ்வொரு விற்பனைக் கூடத்தின் முன்னாலும், ஒவ்வொரு ஆலை வாசலிலும் கூடுவோம்!

தொழிலாளர் – விவசாயி ஒற்றுமை ஓங்குக!